பூத்தையலும் சாயச்செடியும்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



மகளிர்க்குப் பூத்தையல் பயிற்சி வைக்கலாமென்று முன்பொரு கூட்டத்தில் நாம் கூறியபோது, “ஊசி வேலைக்கு ஊராட்சிப் பணமா?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அன்று நம்மிடம் தக்க விடை இல்லை. பின்னர்ப் புதுவை நகரின் பழங்கதையைப் படித்தபோதுதான் விடை கிடைத்தது.

1734-ஆம் ஆண்டையொட்டிப் பொலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுவைக்கு வந்தார். துணிமீது பூவும் கொடியும் தீட்டியோரின் தொழிலை அருகிருந்து கண்டு எழுதினார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அத்துணியில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். அக்குறிப்பும் துண்டுகளும் பாரிஸ் நகரில் காக்கப்படுகின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1686 முதல் 1759 வரை அத்தகைய பூத்துணிகளுக்குப் பிரான்சில் தடை இருந்தது. தடை இருக்கும்போதே தொழில் நுணுக்கத்தைத் தேடி ஆள் வந்தது!

இத்தொழிலில் துணிக்கு முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் ஊட்டுவர். சிவக்க வேண்டிய இதழ்களில் படிகார நீர் தீட்டி, இம்பூறல் எனப்படும் சாயவேரோடு கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடமே செந்நிறத்தைப் பற்றிக்கொள்ளும்; பிற இடத்துக் கறையைச் சாணநீரும் வெயிலும் போக்கும். நீலத்துக்கு அவுரி, நீலம் ஏறக்கூடாத இடத்துக்கு மெழுகுப் பூச்சு. நீலத்தின்மேல் மஞ்சள் தீட்ட, இலை பச்சையாகும். அம்மஞ்சள் நாளடைவில் மங்கிவிடுவதால்தான் பழந்துணிகளில் இலைகள் நீலமாகக் காண்கின்றன.

ஓவியன் கைக்கு முன் எத்தனை கைகள் வேலை செய்தன, பாருங்கள்! மணற்பாங்கில் வேர் தோண்டியவர், அவுரி விதைத்தவர், எருமை வளர்த்தவர் யாவர்க்கும் அதில் கூலி இருந்தது. இயந்திர அச்சுத் துணி ஓவியனைச் சாய்த்தது. 1869-இல் காப்புரிமை பெற்ற செயற்கைச் செஞ்சாயமும், 1897-இல் சந்தைக்கு வந்த செயற்கை நீலமும் உழவனையும் சாய்த்தன.

துணியில் பூ வைக்கும் கை மட்டும் புதுவையில் ஓயவில்லை. ரோமன் ரோலன் வீதியில், 18-ஆம் நூற்றாண்டு வீடொன்றில், குளூனி கன்னியர் நடத்தும் நிலையத்தில் மகளிர் பல்லாண்டுகளாக மேசை விரிப்புகளில் கையால் பூத்தைத்து வந்துள்ளனர்.

நாம் முன்பு நடத்திய பயிற்சி ஒன்று தோற்றது. கடையில் வாங்கிய படத்தைக் கொடுத்து ரோஜாவையே தைக்கச் சொன்னோம். நூலும் சாயமும் வெளியூர்ச் சரக்கு. துணி விற்கவில்லை. குற்றம் மகளிருடையதன்று. வேலியில் ஆவாரையும் பூவரசும் பூத்திருக்க, ரோஜாவைத் தேடியவர்கள் நாமே.

திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி விளைகிறது. தழையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்நீரை அடித்துக் கலக்கி, அடியில் படியும் நீலத்தைக் கட்டியாக்குகின்றனர். ஊறிய தழை வயலுக்கு உரமாகிறது. ஆயினும் எல்லோரும் அவுரிக்கு மாறுங்கள் என நாம் கூறமாட்டோம். வாங்குவோருடன் விலை பேசாமல் விதைப்பது கடனுக்கு வழி. முதலில் பத்து சென்ட் நிலம் போதும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, தத்தம் ஊர் வேலியில் பூத்திருப்பதை மகளிர் கையால் வரையச் செய்து, ஊருக்கு ஒரு தாள் கொண்டுவாருங்கள். அன்று கேள்வி கேட்ட உறுப்பினரும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.