கொசஸ்தலைக் கரையில் ஒரு பகல் நடை



ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று கேட்டால் மெரினா என்பார்கள், இல்லையென்றால் வண்டலூர். காட்டுக்குள் நடக்க ஆசை வந்துவிட்டாலோ பேச்சு நேராக ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் போய்விடும். இரண்டு நாள் லீவு, ரூம் வாடகை, வேன் என்று கணக்குப் போட்டதும் ஆசை அடங்கிவிடும். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படியான ஒரு காட்டு நடையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இடம், திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி ஏரிக்கு அப்பால் இருக்கும் குடியம் குகைகள்.

அந்தப் பக்கம் நமக்கு அந்நியமில்லை. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது திருவள்ளூர் வழியாகத்தான். இப்போதும் பீச் ஸ்டேஷனிலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் போகும் மின்சார ரயில்கள் சில ராயபுரத்தில் நின்றுதான் போகின்றன. பூண்டி நீர்த்தேக்கமோ கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதே ஆறுதான் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகத்தையே பார்த்துப் பழகிய நாம், அந்த ஆறு வரும் வழியையும் ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டாமா?

முதல் வேலை, அனுமதி வாங்குவது. குடியம் காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தில் நாற்பது பாதைகளைத் திறந்தது. குடியம் அவற்றில் ஒன்று. இணையத்திலேயே பதிவு செய்து பணம் கட்டிவிடலாம். காட்டோரக் கிராமத்து ஆட்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகக் கூட வருவார்கள். காசு கொடுத்துக் காட்டில் நடப்பதா என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். அந்தக் காசில் உள்ளூர்க்காரருக்கு ஒரு பிழைப்பு கிடைக்கிறது, நமக்கும் பாதுகாப்பு என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை.

குடியத்தில் மூச்சு வாங்கும் ஏற்றம் கிடையாது. சிரமம் தருவது வெயிலும் முள்ளும்தான். நிழல் குறைவான புதர்க்காடு, காலடியில் உருளும் கூழாங்கல். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வந்தால் பாதி வழியில் வார் அறுந்துவிடும். ஷூவும் முழுக்கால் பேண்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும், வழியில் கடை இருக்கும் என்று நம்ப வேண்டாம். சாப்பாட்டுக்குப் புளிச்சோறு போதும். முதல் ரயிலைப் பிடித்துத் திருவள்ளூரில் இறங்கி, நாலைந்து பேராகச் சேர்ந்து வண்டி பேசிக்கொண்டால் பேருந்துக்குக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

குகை என்றதும் இருட்டுச் சுரங்கத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய பாறை முன்னால் துருத்திக்கொண்டு நிற்க, அடியில் நாலு குடும்பம் மழைக்கு ஒதுங்கக்கூடிய இடம். பாறையை நெருங்கிப் பாருங்கள். செந்நிற மண் இறுகிக் கிடக்க, உருண்டைக் கற்கள் கடலைமிட்டாயில் கடலை பதிந்ததுபோல் நெருக்கமாகப் பதிந்திருக்கும். ஒரு காலத்தில் ஆற்றுநீர் உருட்டிக் கொண்டுவந்து சேர்த்த கற்கள் அவை. இந்தக் குவார்ட்சைட் கல்லைத்தான் ஆதிமனிதன் தட்டி உடைத்துக் கைக்கோடரி செய்தான்.

1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற புவியியலாளர் முதலில் பல்லாவரத்திலும், சில மாதம் கழித்துக் குடியத்துக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் அப்படிப்பட்ட கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் செய்த அகழாய்வில், அங்கே ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்யத் தெரிந்தவர்கள் வாழ்ந்தார்கள் என்று தெரியவந்தது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்ப் பூட் சேகரித்த கற்களைக் காட்டிவிடுங்கள். பார்த்த கண்ணுக்குத்தான் காட்டில் உடைந்த கல்லும் உடைத்த கல்லும் வேறுவேறாகத் தெரியும்.

அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். கல் எந்த மண்ணடுக்கில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் வயதைக் கணக்கிடுகிறார்கள். வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறுங்கல். அதேபோல் பாறை முகட்டில் தேனடை இருந்தால் சத்தம் போடக்கூடாது, புகை கூடாது, சென்ட் பூசிக்கொண்டு போவதும் ஆபத்து.

மார்கழி, தை இரண்டும்தான் இதற்கு ஏற்ற மாதங்கள். அடைமழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. பிப்ரவரி நடுவில் தீப்பருவம் என்று வனத்துறை பாதைகளை மூடிவிடும். ஆகவே போக நினைப்பவர்கள் பொங்கலுக்கு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.