தொட்டியில் தங்கும் தூள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில்பதாகையிலோ ஆவடியிலோ கறிக்கடை வாசலில் நின்றால், "இவ்வளவு சீக்கிரம் வளருதே, ஊசி போடுறாங்களா?" என்று யாராவது கேட்பது காதில் விழும். நாற்பது நாளுக்குள் இரண்டு கிலோவைத் தொடும் கோழியைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் ஹார்மோன் ஊசிக்கு இதில் வேலையே இல்லை. பல தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த இனம் ஒரு காரணம். இன்னொன்று தீவனம், அதில் என்ன இருக்கிறது என்பது மட்டுமல்ல, எந்த வடிவில் இருக்கிறது என்பதும்தான்.

மக்காச்சோளத்தையும் சோயா புண்ணாக்கையும் அரைத்து, தாது உப்பும் வைட்டமினும் கலந்தால் தூள் தீவனம். அதையே நீராவியில் 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, இடியாப்பம் பிழிவது போலத் துளையுள்ள எஃகு அச்சில் அழுத்தி, வெட்டி ஆறவைத்தால் குச்சித் தீவனம். சின்னக் குஞ்சுகளுக்கு அதை உடைத்துக் குருணையாகக் கொடுப்பார்கள்.

தூளைப் போட்டால் கோழி பெரிய சோளத் துணுக்குகளாகப் பார்த்துப் பொறுக்கும். நுண்சத்து தொட்டியிலேயே கிடக்கும். குச்சியில் ஒவ்வொரு கொத்திலும் எல்லாம் சேர்ந்தே உள்ளே போகிறது. 1962-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பகல் 12 மணி நேரத்தில் தூள் தின்ற குஞ்சுகள் 14 சதவீத நேரத்தைத் தீனியிலேயே செலவிட்டன. குச்சி தின்றவற்றுக்கு 5 சதவீதம்கூட ஆகவில்லை. கொத்துவதில் மிச்சமான சக்தி சதையாகிறது.

ஆனால் குச்சி செய்யும்போது சூடு மிஞ்சினால் வைட்டமினும் செரிமானத்துக்கான நொதிகளும் கெடும். சூடு போதாவிட்டால் குச்சி உதிரும். தின்பதும் வளர்வதும் வேகம் பிடித்தால் வேறு தொல்லையும் உண்டு: இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்க முடியாமல் சில கோழிகளுக்கு வயிற்றில் நீர் கோத்துவிடும்.

எனக்கு ஆதங்கம் பண்ணைக்காரரைப் பற்றித்தான். பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கம் 1990-களில் வேரூன்றிய ஒப்பந்த முறையில், குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தரும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் செலவானது என்று கணக்குப் பார்த்துத்தான் வளர்ப்புக் கூலி. ஒன்றரை கிலோவை ஒட்டி நின்றால் நல்ல கூலி. தீவன மில்லில் சரியாக இறுகாத குச்சி, லாரியிலும் மூட்டையிலும் உரசிப் பாதி தூளாகி வந்தால் அந்தக் கணக்கு ஏறும், கூலி இறங்கும். மில்லில் விட்ட குறைக்குக் கொட்டகையில் பிடித்தம் செய்வது நியாயமே இல்லை.

குச்சியின் உறுதியை மில்லிலேயே சோதிக்கிறார்கள்: பெட்டியில் போட்டு 10 நிமிடம் சுழற்றி, சலித்து, உடையாமல் நின்றதை எடை போடுவார்கள். அந்த எண்ணை மூட்டையிலேயே அச்சிட வேண்டும். உங்கள் சொந்தபந்தத்தில் யாராவது கோழிப்பண்ணை வைத்திருந்தால் சொல்லுங்கள்: லோடு இறங்கும்போதே இரண்டு மூன்று மூட்டையிலிருந்து தலா ஒரு கிலோ எடுத்துச் சலித்து, தூளை எடை போட்டு, கம்பெனி மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு பதிவேட்டில் எழுதி வைக்கட்டும். கூலி பேசும் நாளில் அந்த ஏடு கையில் இருக்கட்டும்.