ஓடைக்கரையில் ஒரு பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை நாம் எல்லோரும் நடத்தியிருக்கிறோம். கரும்பலகையில் ஒரு குளம், முட்டைத் திரள், தலைப்பிரட்டை, முழுத் தவளை. படம் சரிதான். ஆனால் நம் பழனிமலைப் பிள்ளைகளுக்குக் குளத்தைவிட ஓடைதான் பழக்கம். அந்த ஓடையை நம்பி வாழும் ஒரு மரத்தவளையைப் பற்றிச் சொல்கிறேன்.

அதன் அறிவியல் பெயர் காட்டிக்சாலஸ் ஆஸ்டெராப்ஸ். கண்ணில் விண்மீன் போன்ற கோலம் இருப்பதால் இந்தப் பெயர். நீலகிரியில் வாழும் இதன் உறவினத்தை ஜெர்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விவரித்துவிட்டார். நம் மலைத் தவளை தனி இனம் என்று எஸ்.டி. பிஜுவும் உடன் ஆய்வாளர்களும் அறிவித்தது 2008-இல்தான். இத்தனை பேர் வந்துபோகும் கொடைக்கானல் மலையில், நம் கண்முன்னே இருந்த உயிர் அது!

இவை முட்டைகளை நுரைக்கூட்டில் இடுகின்றன. நுரை முட்டைகளை உலராமல் காக்கிறது. தலைப்பிரட்டைகள் வளர்வது ஓடும் நீரில்.

சென்ற பருவத் தேர்வில் 'தவளை எங்கே முட்டையிடும்?' என்ற வினாவுக்கு ஒரு மாணவி, 'ஓடைக்கரையில், நுரைக்குள்' என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் 'நீர்நிலை' என்றுதான் இருந்தது. முழு மதிப்பெண் கொடுத்தேன். அவளையே வகுப்பில் எழுந்து விளக்கவும் சொன்னேன். தண்ணீர் எடுக்கப் போகும்போது பார்த்தாளாம்.

அவள் பார்த்தது நாளையும் இருக்குமா? கரையைச் சுத்தம் செய்வதாகச் செடிகளை வெட்டினால் கூட்டுக்கு இடம் போகும். குழாய் போட்டு நீரைத் திருப்பினால் தலைப்பிரட்டை வறண்டு சாகும். தவளை தோல் வழியாகவும் சுவாசிக்கும் உயிர். கேரட், பூண்டுத் தோட்டத்தில் மருந்தடித்த தெளிப்பானை ஓடையில் கழுவினால் விஷம் நேரே உடலுக்குள் போகும். இதைப் பிள்ளைகள் புரிந்துகொண்டால் வீட்டில் போய்ச் சொல்வார்கள். பெற்றோர் நம் பேச்சைவிட அவர்கள் பேச்சைக் கேட்பார்கள்.

செலவில்லாத ஒரு வேலை சொல்கிறேன். பள்ளிக்கு அருகில் ஓடையில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறை, மழை வெள்ளம் இல்லாத நாளில், நீங்கள் உடன் இருந்து அழைத்துச் செல்லுங்கள். நீரின் அளவு, கரைச் செடி, கண்ட உயிர், கேட்ட ஒலி ஆகியவற்றை நோட்டில் எழுதட்டும். தொடவேண்டாம், பாட்டிலில் பிடித்து வரவும் வேண்டாம்.

பாடநூல் மாநிலம் முழுவதற்கும் பொது. அதில் நம் ஊர் ஓடையைச் சேர்ப்பது நம் பொறுப்பு.