தீர்ப்பாயங்களில் நடுவுநிலை: தனிமனித அறமும் நிறுவன உறுதியும்

(தொழிற்சங்க ஊழியர்களுக்கான சட்டப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நீதித்துறையின் நடுவுநிலை பற்றிப் பேசும்போது உயர் நீதிமன்றங்களையும் உச்ச நீதிமன்றத்தையும் மட்டுமே நாம் நினைக்கிறோம். ஆனால் பதவி உயர்வு மறுக்கப்பட்ட ஒன்றிய அரசு ஊழியரும், வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளியும் முதலில் நாடிச் செல்வது தீர்ப்பாயங்களைத்தான். அங்கே அமர்ந்திருப்பவர் எந்த நெறிக்குக் கட்டுப்பட்டவர் என்ற வினா சட்ட அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. உழைக்கும் மக்களின் வினாவும் அதுவே.

அவசரநிலைக் காலத்தில், 1976இல் நிறைவேறிய 42ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தமே தீர்ப்பாயங்களுக்கென இரண்டு தனி உறுப்புகளைச் சேர்த்தது. அதன் வழியில் 1985இல் நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. நீதித்துறை உறுப்பினரோடு நிர்வாக உறுப்பினரும் அமர்வில் இடம்பெறுவது இதன் தனித்தன்மை. நேற்றுவரை கோப்பில் கையொப்பமிட்ட அதிகாரி இன்று தீர்ப்பில் கையொப்பமிடுகிறார். வழக்கின் எதிர்த்தரப்போ பெரும்பாலும் அரசு. எனவே, நடத்தை நெறி இங்கே கூடுதல் கண்டிப்புடன் தேவைப்படுகிறது.

தன் வழக்கில் தானே நீதிபதியாக எவரும் இருக்கக் கூடாது என்பது முதல் நெறி. 1969இல் கிரைபாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நிர்வாகக் குழுக்களுக்கும் விரிவாக்கியது. ஜம்மு-காஷ்மீரில் வனப்பணிக்கான தேர்வுக் குழுவில், போட்டியாளர்களுள் ஒருவரான உயர் அதிகாரியே உறுப்பினராக இருந்தார். தம் பெயர் பரிசீலிக்கப்பட்டபோது அவர் விலகியிருந்தார். ஆயினும் போட்டியாளர்களை மதிப்பிடுவதில் பங்கேற்றார். தேர்வு ரத்தாயிற்று. ஒருசார்பு மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை, அதற்கான நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும் என்றது நீதிமன்றம்.

1997 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு, நீதித்துறை வாழ்வின் விழுமியங்களை வரையறுத்து ஏற்றது. உறவினரோ நண்பரோ தொடர்புடைய வழக்கை விசாரிக்கலாகாது; குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் அல்லாத பிறரிடம் பரிசு பெறலாகாது; தாம் பங்கு வைத்துள்ள நிறுவனத்தின் வழக்கு வந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும். இவை உயர் நீதித்துறைக்காக எழுதப்பட்டவை. இவற்றைத் தீர்ப்பாய உறுப்பினர் அனைவருக்கும் கட்டாயமாக்கி, மீறினால் விசாரிக்கும் முறையையும் வகுக்க வேண்டும்.

வள்ளுவர் நடுவு நிலைமையை அரசியலில் வைக்காமல் இல்லறவியலில் வைத்தார்; ஒவ்வொரு மனிதரும் பேண வேண்டிய அறமாகக் கண்டார். ஆனால் தனிமனித அறத்தை மட்டுமே நம்பி ஒரு நிறுவனம் நிற்க முடியாது. நான்கு ஆண்டுப் பதவி, அது முடிந்தபின் மறுநியமனம், இரண்டிலும் அரசின் கை ஓங்கியிருக்குமாயின், நேர்மையாளரும் தீர்ப்பெழுதுமுன் அரசின் முகத்தைப் பார்க்கும் நிலை உருவாகும்.

நான்கு ஆண்டு வரம்பையும், 50 வயது நிரம்பியவரே உறுப்பினராகலாம் என்ற விதியையும் கொண்ட அவசரச் சட்டப் பிரிவுகளை, சென்னை வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அடுத்த மாதமே அதே விதிகளை நாடாளுமன்றத்தில் சட்டமாக்கியது ஒன்றிய அரசு. 2025 நவம்பர் 19 அன்று அவையும் வீழ்ந்தன. தேசியத் தீர்ப்பாய ஆணையம் அமைக்க நான்கு மாதக் கெடு விதிக்கப்பட்டது.

இரண்டே நாளில், நவம்பர் 21 அன்று, தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதன்படி தொழில் தீர்ப்பாயத்தில் இருவர்: ஒருவர் நீதித்துறை உறுப்பினர், மற்றவர் நிர்வாக உறுப்பினர். ஆக, நிர்வாக அதிகாரியின் நடுவுநிலை பற்றிய வினா இனி ஆலைத் தொழிலாளியின் வாசலுக்கும் வருகிறது.

நாம் செய்ய வேண்டியது என்ன? 1957இல் மானக் லால் வழக்கு ஒரு பாடம் தந்தது. தீர்ப்பாயத்தின் தலைவர் முன்னொருகால் எதிர்த்தரப்புக்கு வழக்காடியவர். அத்தகையவர் அமர்ந்தது தவறென உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் உரிய நேரத்தில் ஆட்சேபம் எழுப்பாததால் மேல்முறையீட்டாளர் அவ்வுரிமையை இழந்தார். ஆகவே, உறுப்பினருக்கு வழக்கோடு தொடர்பிருப்பது தெரிந்தவுடனே எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். அது பதிவாவதையும் உறுதிசெய்யுங்கள்.

நெறி ஏட்டில் இருந்தால் போதாது, தோழர்களே. அதை நாள்தோறும் கேட்டுப் பெறும் அமைப்பு வலிமை நம்மிடம் வேண்டும்.