ஸ்ரீயின் இரண்டு வரிசைகள்



உரும்பிராயில் கூடியிருக்கும் இக்கருத்தரங்குக்குத் தலைமை தாங்கப் பணித்தமைக்கு நன்றி. இத்துறையில் என்னிலும் ஆழமாக உழைத்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆதலால் சற்றுத் தயக்கத்துடனேயே பேசுகிறேன்.

வரைகலை இடைமுக நிரலகங்களுக்கான வழுத்திருத்தங்களை வெளியிடுவதும் விநியோகிப்பதும் நமது பொருள். 1985இல் லாரி வோல் எழுதிய 'பேட்ச்' நிரல் தொடங்கி இன்றுவரையிலான வரலாறு நீங்கள் அறிந்ததே. கியூட் என்ற வரைகலை இடைமுக நிரலகத்தின் 5.15ஆம் பதிப்புக்கான திருத்தங்கள் 2021 ஜனவரியில் வணிக உரிமம் பெற்றோருக்கென ஒதுக்கப்பட்டதையும், அதே ஆண்டு கியூட்டைப் பயன்படுத்தும் கேடிஈ சமூகம் தன் சொந்தத் திருத்தத் தொகுப்பைப் பேணத் தொடங்கியதையும் பிற்பகல் அமர்வு ஆராயும்.

திருத்தம் தாமதமாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்ட, நான் நின்று பேச விரும்புவது 'ஸ்ரீ' பற்றி. ஸ்ரீதரனும் ஸ்ரீகாந்தனும் இல்லாத ஊர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏது?

2005க்கு முன் ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் 'ஶ' இல்லை. ஆகவே ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என்ற வரிசையில் ஸ்ரீயை எழுதினோம். அவ்வாண்டு 4.1ஆம் பதிப்பில் 'ஶ' சேர்ந்ததும், ஸகரத்தின் இடத்தில் அதை வைப்பதே தகுந்த முறையாயிற்று. எழுத்துருக்களும் நிரலகங்களும் மெல்ல மெல்லத் திருத்தம் பெற்று, இரு வரிசைகளையும் ஒரே வடிவாகக் காட்டின. வழு தீர்ந்தது என்று பலரும் கருதினோம்.

தீரவில்லை. ஒருங்குறியின் இயல்பாக்க விதிகள் இவ்விரண்டையும் ஒன்றாக்குவதில்லை. பழைய வரிசையில் பதிந்த ஸ்ரீதரனைப் புதிய வரிசையில் தேடினால், குறியீடுகளை மட்டும் ஒப்பிடும் தேடற்பெட்டிக்கு அவர் அகப்படமாட்டார். வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தால் தட்டச்சாளர் பிழையைப் பிடித்துவிடுவார். இப்போது அதற்கும் வழியில்லை.

ஒருங்குறித் தரத்தின் தமிழ்ப் பகுதியிலேயே இதுபற்றி ஒரு பத்தி உண்டு. செயலாக்கங்கள் தாமதமாக இற்றைப்பட்டதால் இரு வரிசைகளும் பரவிவிட்டன, இரண்டையும் நிகராகக் கொள்வது நன்று என்கிறது அது. நமது ஆய்வுக் கட்டுரைகள் இப்பத்தியைப் பொருட்படுத்துவது அரிது. திருத்தம் ஊர்வந்து சேராத தாமதம் தரவுக்குள்ளேயே நிலைத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

எழுத்துருவைத் திருத்தினால் போதும் என்று நண்பர்கள் சிலர் நெடுநாளாக வாதிட்டு வந்தார்கள். திரை இன்று ஒழுங்காக இருப்பதில் அவர்களுடைய உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் எழுத்துரு தேடாது, ஒப்பிடாது, அகரவரிசைப்படுத்தாது. இன்னொரு சாரார், 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற டேஸ்-16 குறியேற்றம் போல உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறியீடு இருந்திருந்தால் இத்தகைய வழுக்களே வந்திரா என்கிறார்கள். மதிப்புடன் மறுக்கிறேன். எழுத்துகளைத் திரையில் வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற பொது நிரலகத்தில் தேவநாகரிக்கும் தெலுங்குக்கும் உழைப்பவர்களின் பராமரிப்பு தமிழையும் காக்கிறது. தனிவழி போயிருந்தால் ஒவ்வொரு திருத்தத்தையும் நாமே எழுதி, நாமே கணினி கணினியாகக் கொண்டுசேர்க்க வேண்டியிருக்கும். 2006 ஆகஸ்டில் குடாநாட்டுக்கான ஏ9 தரைப்பாதை மூடுண்டதைக் கண்ட மக்களுக்கு, அனுப்பியதெல்லாம் வந்துசேர்ந்ததாகாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

உள்ளூர்ப் பிரதியில் மட்டும் ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் இதனாலேயே எதிர்க்கிறேன். மூலத் திட்டத்துக்கு அனுப்பாத திருத்தம் அடுத்த இற்றைப்படுத்தலோடு அழிந்துவிடும். அனுப்பி ஏற்கப்பட்டாலும் வேலை முடிவதில்லை. நிரலகத்தின் பிரதியைத் தம்முள்ளேயே பொதிந்து வரும் செயலிகள், முறைமையில் எதைத் திருத்தினாலும் பழைய வழுவுடனேயே ஓடும்.

ஆகவே கட்டுரை படிக்க வந்திருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கையாளும் நிரலகத்தில் தேடலும் வரிசைப்படுத்தலும் ஸ்ரீயின் இரு வரிசைகளையும் நிகராகக் கொள்கின்றனவா என்று சோதியுங்கள். இல்லையெனில், சோதனை மாதிரியோடு திருத்தத்தை மூலத் திட்டத்துக்கே அனுப்புங்கள். ஏற்கப்பட்ட பின், உங்கள் பாடசாலையிலும் அலுவலகத்திலும் உள்ள கணினிகளுக்கு அது வந்துசேர்ந்ததா என்று போய்ப் பாருங்கள்.