ஓர் இத்தாலியப் பந்தி

தலைநகரில் குடியேறிய தமிழர்களுக்கு உணவு விடுதி என்றால் இரண்டே வகைதான். இட்டிலியும் தோசையும் கிடைக்கும் இடம் ஒன்று. கிடைக்காத இடம் மற்றொன்று. நாங்களும் இப்பாகுபாட்டில் நெடுநாள் உறுதியாக இருந்தவர்களே. கரோல் பாக்கிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் நம் பக்கத்துச் சிற்றுண்டி கிடைக்கும்போது வேறு பந்தியை நாடிப் போவானேன் என்று எண்ணியிருந்தோம். சென்ற ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில் அவ்வெண்ணம் சற்றே அசைந்தது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகின்றோம்.

எங்கள் தந்தையார் காலமான பின், திருநெல்வேலிச் சீமையிலிருந்த வீட்டைப் பூட்டிவிட்டு அன்னையாரைத் தில்லிக்கு அழைத்து வந்தோம். அவர்களுக்கு எழுபத்தாறு வயது. இந்தி தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை. சைவ உணவு; அதிலும் பிறர் சமைத்தது என்றால் தயக்கம். மூன்றாம் மாடிப் பலகணியில் அமர்ந்து, “தை பிறந்ததும் ஊருக்குப் போய்விடுகிறேன்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பெரிய வீட்டில் தனியே எப்படி இருப்பீர்கள் என்று கேட்டால் விடை வராது. உண்ணும் அளவு மட்டும் நாளுக்கு நாள் குறைந்து வந்தது.

இந்நிலையில் எங்கள் மகள் முதற்சம்பளம் வாங்கினாள். இரண்டு தெரு தள்ளியுள்ள சந்தையின் மாடியில் இருக்கும் சிறிய இத்தாலிய உணவு விடுதிக்குக் குடும்பத்தோடு போகவேண்டும் என்பது அவள் விருப்பம். “ஆச்சி வராவிட்டால் நானும் போகவில்லை” என்று சொல்லிவிட்டாள். பேத்தியின் அச்சொல்லுக்காக மட்டுமே ஆச்சி புறப்பட்டார்கள். போகுமுன் வீட்டில் ஒரு வாய் மோர்ச்சோறு உண்டுவிட்டே கிளம்பினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தில்லியில் இத்தகைய விடுதிகள் வேரூன்றிய கதை சுவையானது. கல்கத்தாவில் பிறந்த ரிது டால்மியா என்னும் பெண்மணி, தம் குடும்பத்தின் சலவைக்கல் வாணிகத்தின் பொருட்டு இளம்வயதிலேயே இத்தாலிக்குப் போய்வந்தவர்; கல் வாங்கப் போன இடத்தில் உணவின்மேல் மனம் வைத்தார். 1990களில் ஹௌஸ் காஸ் கிராமத்தில் அவர் தொடங்கிய முதல் விடுதி நிலைக்கவில்லை. பின்னர் இலண்டனில் சில காலம் தொழில் நடத்தித் திரும்பி, 2000ஆம் ஆண்டில் கிரேட்டர் கைலாஷ் இரண்டாம் பகுதியின் எம் பிளாக் சந்தையில் ‘டீவா’ என்னும் விடுதியைத் திறந்தார். பெரிய ஓட்டல்களின் பளிங்குக் கூடங்களைவிட்டு, மருந்துக் கடைக்கும் துணிக் கடைக்கும் அருகிலேயே நல்ல இத்தாலிய உணவு கிடைக்கலாம் என்பதைத் தில்லிவாசிகள் கண்டுகொண்டனர். மார்வாடிக் குடும்பத்துப் பெண் ஒருவர் இத்தாலியச் சமையலைப் பஞ்சாபியர் நிறைந்த ஊரில் பரப்பியது தில்லிக்கே உரிய விநோதம்.

எங்கள் பேட்டை விடுதி அவ்வளவு பேர் பெற்றதன்று. எட்டே மேசைகள், அன்றைய உணவைச் சுண்ணக்கட்டியால் எழுதிய கரும்பலகை, மங்கலான மஞ்சள் விளக்கு. பரிமாறிய இளைஞன் கட்வால் மலைநாட்டவன். அன்னையாரைக் கண்டதும் குனிந்து, “மாதாஜி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

இனி, நம்மில் சைவ உணவினருக்குப் பயன்படும் செய்தி ஒன்று. இத்தாலிய உணவில் இறைச்சி கண்ணில் படவில்லை என்பதாலேயே அது சைவம் ஆகிவிடாது. பார்மேசான் என்று நாம் அழைக்கும் பாலாடைக்கட்டியை இத்தாலியில் மரபுப்படி செய்யும்போது, பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளையே சேர்க்கின்றனர். நம் நாட்டில் செய்யப்படும் கட்டிகள் பலவற்றில் நுண்ணுயிரிலிருந்து பெறும் உறைபொருள் பயன்படுகின்றது. பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கும். கெட்டிக் கோதுமை ரவையை நீர் விட்டுப் பிசைந்து உலர்த்தும் பாஸ்தா நம் சேமியாவுக்கு நெருங்கிய உறவு; வடபகுதியில் புதிதாகப் பிசையும் வகையிலோ முட்டை சேரும். ‘ரிசோட்டோ’ என்னும் சோற்றில் திராட்சை மதுவும் இறைச்சிச் சாறும் சேர்ப்பது வழக்கம். இவற்றையெல்லாம் எங்கள் மகள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சமையற்காரரே வெளியே வந்து, மது விடாமல், காய்கறிச் சாற்றில், உள்நாட்டுக் கட்டியைக் கொண்டு செய்து தருவதாகச் சொன்னார். கேட்பதற்கு நாம்தாம் கூசுகின்றோம். சொல்வதற்கு அவர்கள் கூசுவதில்லை.

சோறு வந்தது. இத்தாலியின் வடக்கே போ ஆற்றுச் சமவெளி நெல் விளையும் நிலம். அங்கு விளையும் குட்டையான அரிசியைக் கழுவாமல் வெண்ணெயில் வறுத்து, சூடான சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். அரிசியின் மாச்சத்து வெளிவந்து பாகுபோல் சேரும். கஞ்சி வடிப்பதில்லை. அன்னையார் முள்கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கரண்டியால் ஒரு வாய் எடுத்தார்கள். “குழைய விட்டிருக்கான். ஆனா நடுவில் அரிசி நிக்குது” என்றார்கள். குறையாகச் சொன்ன அதுவே அச்சமையலின் இலட்சணம் என்று மகள் விளக்கினாள். “அப்படியா? அப்போ கை தேர்ந்தவன்தான்” என்று அடுத்த வாய் எடுத்தார்கள்.

உண்டுகொண்டே நாம் எண்ணியது இது. இத்தாலியச் சமையல் என்று ஒன்று தொடக்கத்தில் இருந்ததில்லை. அந்நாடு ஒன்றுபட்டதே 1861இல்தான். வெண்ணெயும் சோறும் உண்ணும் வடக்கத்தியானும், ஒலிவ எண்ணெயும் தக்காளியும் கொள்ளும் நேப்பிள்ஸ்காரனும் ஒருவர் உணவை ஒருவர் அறியாதவர். பெல்லெக்ரினோ அர்துசி என்பவர் 1891இல் தம் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை அச்சிட்டார். முதற்பதிப்பில் 475 பாகங்கள். பதிப்புத்தோறும் சேர்ந்து 790 ஆயின. வீடுதோறும் அந்நூல் புகுந்த பின்னரே ‘இத்தாலிய உணவு’ என்ற பொது நினைவு அங்கு வலுப்பெற்றது. கடல் கடந்து குடியேறியவர்களோ அயலாரின் வாயில் எல்லோரும் ‘இத்தாலியர்’ ஆனார்கள். இது நமக்குத் தெரியாத கதையா? தமிழரையும் மலையாளியையும் ஆந்திரரையும் கன்னடியரையும் ‘மதராஸி’ என்ற ஒரே கூடையில் போட்ட ஊரன்றோ இது! தில்லித் தமிழ்க் கல்விக் கழகமே 1923இல் மதராஸி என்னும் பெயரோடுதான் தொடங்கியது. அப்பெயரைக் கேட்டுச் சினந்ததும் உண்டு. அப்பெயரின் நிழலில் அடுத்த வீட்டுக் கன்னடியரோடு உறவு கொண்டாடியதும் உண்டு.

அடுத்து வந்தது ஜெனோவா நகரத்துப் பச்சைத் துவையல் கலந்த பாஸ்தா. பச்சிலை, பூண்டு, எண்ணெய், பாலாடைக்கட்டி, பருப்புக் கொட்டை ஆகியவற்றை இடித்துச் செய்வது. மேலே அலங்காரத்துக்கு ஒரு சிறு கொத்து இலை வைத்திருந்தார்கள். அன்னையார் அதை எடுத்துக் கசக்கி முகர்ந்தார்கள். சிறிது நேரம் பேசவில்லை.

“இது திருநீற்றுப்பச்சை அல்லவா? நம் கிணற்றடியில் நின்றதே” என்றார்கள்.

உண்மைதான். ‘பேசில்’ என்று இத்தாலிய விடுதிகளில் வழங்கும் அவ்விலை, நம் திருநீற்றுப்பச்சையின் இனமே. துளசிக்கும் நெருங்கிய உறவு. சப்ஜா விதை அதனுடையதுதான். தந்தையார் நாள்தோறும் பூசைக்கு அதில் ஒரு கொத்துப் பறிப்பார்கள். இதை அன்னையார் அன்று எங்களுக்குச் சொல்லவில்லை. கட்வால் பையனுக்குத் தமிழிலேயே சொன்னார்கள். அவன் புரிந்துகொண்டவன்போல் தலையசைத்து, உள்ளே சென்று, தண்டோடு கூடிய ஒரு பிடி இலையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான்.

அத்தண்டுகளைத் தண்ணீரில் இட்டு வைத்தார்கள்; பத்தே நாளில் வேர் விட்டன. பின்னர் நெய் டின் ஒன்றில் மண் நிரப்பி நட்டார்கள். தில்லியின் மார்கழிக் குளிர் அச்செடிக்கு ஆகாது. இரண்டு பட்டுப்போயின, மூன்றாவதை அடுக்களைச் சன்னலுக்குள் எடுத்து வைத்து ஒருவாறு காப்பாற்றினார்கள்.

தை பிறந்து மாசியும் வந்துவிட்டது. ஊர்ப் பயணத்தைப் பற்றி இதுவரை பேச்சில்லை. சென்ற வாரம், அந்தச் சோற்றில் மிளகைப் பொடித்துத் தூவாமல் நெய்யில் பொரித்துப் போட்டால் என்ன என்று சமையற்காரரிடம் கேட்கவேண்டும் என்றார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு நால்வருக்கு இடம் சொல்லி வைத்திருக்கின்றோம்.