காப்போர் கற்பிக்கும் பாடம்

முதியவர் ஒருவர் உண்டெழுந்த சிறிது நேரத்தில், "எனக்கு இன்னும் சோறு போடவில்லையே" என்று முறையிடுகின்றார். நாற்பதாண்டு வாழ்ந்த வீட்டின் முற்றத்திலே நின்றுகொண்டு, "வீட்டிற்குப் போகவேண்டும்" என்று அழுகின்றார். அயலவர் இதனைக் கண்டு, "அறளை பெயர்ந்துவிட்டது" என்று கூறி அகன்றுவிடுவர். அகல இயலாது நிற்பவர் ஒருவர் உளர். மனைவியோ மகளோ மருமகளோ, அவரே இரவெல்லாம் விழித்திருந்து, கேட்ட கேள்விக்கே மீண்டும் மீண்டும் மறுமொழி கூறுபவர்.

அயலவர் அறளை என்பது முதுமையின் இயல்பன்று. மூளையைத் தாக்கும் நோய்களின் விளைவாகும். இதனை மருத்துவர் டிமென்சியா என்பர்; தமிழில் மறதிநோய் எனலாம். இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 1901ஆம் ஆண்டில், ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத்து மருத்துவமனையிலே, ஆகுஸ்தே என்னும் 51 வயதுப் பெண்மணியை அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் பரிசோதித்தார். 1906இல் அப்பெண்மணி இறந்தபின், அவருடைய மூளையை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, கண்டவற்றை அவ்வாண்டிலேயே அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். நோய்க்கு மருத்துவரின் பெயர் நிலைத்தது. ஆயினும், அப்பெண்மணியின் நினைவும் குணமும் மாறிவருவதை முதலிற் கண்டுணர்ந்தவர் அவருடைய கணவரே. 

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கின்படி, 2021இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர். உறவினரும் நண்பரும் நாளொன்றுக்குச் சராசரி 5 மணித்தியாலம் அவர்களைப் பராமரிப்பதிற் செலவிடுகின்றனர். இவர்களுக்கெனவே அந்த ஸ்தாபனம் 2019இல் ஐசப்போட் என்னும் இணையவழிப் பாடத்தொகுதியை வெளியிட்டது. அது 5 பகுதிகளும் 23 பாடங்களும் கொண்டது. நோயின் தன்மை, பராமரிப்பவரின் பங்கு, அவர் தம்மைத் தாமே பேணும் வழி, அன்றாடப் பணிவிடை, நடத்தை மாற்றங்களை எதிர்கொள்ளும் முறை ஆகியவற்றை அது கற்பிக்கின்றது.

இப்பாடங்களைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் மாத்திரம் போதாது. அந்தந்த நாட்டுப் பராமரிப்பாளரின் கருத்தைக் கேட்டே அவற்றைத் திருத்தியமைத்தல் வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி. இதன் காரணம் தெளிவானது. பகற்பொழுதிற் பராமரிக்கும் நிலையத்தை நாடுக என்று பாடம் கூறலாம். அத்தகைய நிலையமே இல்லாத ஊரில் அவ்வறிவுரையாற் பயனென்ன? தந்தையை நீராட்டக் கூசும் மகளின் தயக்கத்தை மருத்துவ நூல் அறியுமா? நோயாளியின் சினத்தைத் தணிக்கும் சொல் எது, மூட்டும் சொல் எது என்பதை அவருடன் வாழ்பவரன்றோ அறிவர்?

இந்தியாவில், பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் விஞ்ஞான நிறுவனத்தினர் இத்தொகுதியைப் பராமரிப்பாளரிடையே பரீட்சித்து, அதன் முடிவை 2021இல் வெளியிட்டனர். ஆய்விற் சேர்ந்தோரிற் பாதிக்கும் குறைவானோரே இறுதிவரை நிலைத்தனர். இதனை அவர்களின் அசிரத்தை எனக் கொள்ளலாகாது. பணிவிடையில் நாள் முழுதும் கழிப்பவர் கணினியின் முன் அமர நேரம் பெறுவது அரிது. பாடம் எத்துணைச் சிறியதாயிருத்தல் வேண்டும், எப்பொழுது கற்க ஏற்றது, கையடக்கத் தொலைபேசியிற் கேட்கத்தக்கதா என்பவற்றையெல்லாம் அவர்களிடமே முதலில் வினவுதல் வேண்டும்.

பராமரிப்பவரோடு ஊராரும் கற்றல் அவசியம். யப்பானில் இந்நோயைக் குறித்த பழஞ்சொல் மடமை என்னும் பொருள் தொனிக்க இழிவாயிருந்தது. பொதுமக்களின் கருத்தையும் கேட்டபின், 2004இல் அரசாங்கம் அதனைக் கைவிட்டுப் புதுச்சொல்லை ஏற்றது. மறு ஆண்டு தொடக்கம், கடைக்காரரும் வங்கி ஊழியரும் பாடசாலை மாணவரும் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலப் பாடம் ஒன்றைக் கேட்டு, நோயாளருக்கு உதவும் துணைவராகப் பதிந்து வருகின்றனர். அவர்களின் தொகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. அறளை என்னும் சொல்லை எளிதில் வழங்கும் நம்மவரும் சிந்திக்கவேண்டிய செய்தி இது.

மருத்துவ உண்மையைப் பொதுமக்களின் விருப்பத்தால் தீர்மானிக்கலாமா எனச் சிலர் வினவக்கூடும். நோயின் காரணத்தையும் மருந்தையும் கூறுதல் மருத்துவரின் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வறிவு வீட்டு வாயிலைக் கடந்து உட்செல்லும் வழியை வீட்டிலிருப்பவரே காட்டுதல் கூடும். நோயின் தொடக்க நிலையிலுள்ளோர் தம் மனத்திலுள்ளதைத் தாமே சொல்லவல்லர். அவர்களையும் கேட்டல் முறை.

முற்றத்தில் நின்று அழும் முதியவரிடம், "இதுதான் உங்கள் வீடு" என்று வாதாடுவதால் அவர் கலக்கம் பெருகும். "அந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா" என்று கேட்டு, அவர் கையைப் பற்றி மெல்ல நடத்திச் சென்றால் அவர் அமைதியடைதல் கூடும். பராமரிப்போர் பலர் இதனை அனுபவத்தாற் கற்றுக்கொள்கின்றனர். அவர்கள் அறிந்ததைப் பாடமாக்கினால், அடுத்த வீட்டிலுள்ளவர் அதனைத் தனித்துத் துன்புற்றுக் கற்கவேண்டியதில்லை.